வீடியோ அழைப்பில் அம்மாவின் முகம் மட்டும்தான் தெரிந்தது

கோவையில் முதியோர் இல்லம் தேடிக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு முன்பணம் கட்டுங்கள்.

பக்கவாதத்தில் அம்மாவுக்கு வலப்பக்கம் செயலிழந்து, பேச்சும் போய்விட்டது. நான் சென்னையில், தம்பி துபாயில். ஜூன் மாதம் கோவைப் புறநகர் இல்லமொன்றில் சேர்த்தோம். ஞாயிறுதோறும் வீடியோ அழைப்பு. கழுத்துவரை போர்வை, “நன்றாகச் சாப்பிடுகிறார்கள்” என்று மேற்பார்வையாளரின் குரல். அம்மா முகத்தைச் சுளித்து அழுவார். எங்களைப் பார்த்த ஏக்கம் என்று நினைத்துவிட்டேன்.

செப்டம்பரில் ஒரு பிற்பகல் சொல்லாமல் போய் நின்றேன். கதவைத் திறந்ததுமே வாடை. அம்மாவைப் புரட்டினால், இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் புண். குதிகால் கறுத்திருந்தது. “மூன்று வாரமாக இருக்கிறது அக்கா, வீட்டாரிடம் சொல்லவேண்டாம் என்றார்கள்” என்று அழுதார் பணிப்பெண். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. கட்டிலில் ஒரு தாள் தொங்கியது, 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்ததாகக் கையெழுத்துகளோடு. அப்போது மணி மூன்று. இரவு 10 மணிவரை கட்டங்கள் நிரம்பியிருந்தன!

படுக்கைப் புண் ஒரே நாளில் குழியாவதில்லை. முதலில் தோல் சிவக்கும், நம் நிறத்தில் கருமையாகவும் தெரியலாம். அழுத்தினால் வெளுக்காது. அன்றே ஒரு போன் வந்திருந்தால் மறுநாளே காற்று மெத்தை வாங்கிக்கொண்டு போயிருப்பேன். “வெளியூரில் இருப்பவர்களைப் பதறவைக்க வேண்டாமென்று சொல்லவில்லை” என்கிறார் உரிமையாளர். என் அம்மாவுக்காக நான் பதறுவதை வேண்டாமென்று சொல்ல இவர் யார்?

ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். கட்டணத்துக்கு இரண்டு பக்கம். உடல்நிலை குறித்து ஒரே வரி: “நிர்வாகம் அவசியமெனக் கருதினால் உறவினருக்குத் தெரிவிக்கப்படும்.” அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். விழுந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, சாப்பாடு குறைந்தாலோ, தோல் உரிந்தாலோ, மருந்து மாறினாலோ அன்றைக்கே போன் வரவேண்டும். யார் செய்வார் என்பதுவரை எழுதி வாங்குங்கள். உள்ளூரில் சித்தியோ மாமாவோ இருந்தால் திடீரென்று போய் முதுகையும் குதிகாலையும் பார்க்கச் சொல்லுங்கள்.

முதியோர் உதவி எண் 14567இல் பேசினேன். மாவட்ட சமூகநல அலுவலரிடம் எழுத்துமூலம் புகார் கொடுத்திருக்கிறேன். அம்மா இப்போது என் வீட்டில் இருக்கிறார்.

முன்பணத்தைத் திருப்பித் தரும்போது புண்ணுக்குக் கட்டுப்போட்ட செலவென்று 4,200 ரூபாய் பிடித்துக்கொண்டார்கள். ரசீதில் முதல் தேதி ஆகஸ்ட் 23. அதையும் புகாரோடு இணைத்திருக்கிறேன்.