தேயிலைச் சாயத்தில் ஊறவைத்த கிட்டாருக்கு 165,000 ரூபா கொடுத்தேன்

சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். இரண்டு நாள் போனால் "சரி, தொலையட்டும்" என்று நானே விட்டுவிடுவேன். போனது 165,000 ரூபா. 2025 இல் 1,350 ரூபா நாட்சம்பளத்துக்குக் கொழுந்து பறித்த என் அம்மாவின் கணக்கில் அது 122 நாள். அட்டைக் கடியும் மழையும் அதில் சேர்த்தியில்லை.

கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. மலையகத்து டவுன் ஒன்றில், மாடியில், பழைய வாத்தியங்கள் வாங்கி விற்கும் கடை. இணையத்திலும் படம் போட்டு விற்கிறார்கள்.

நான் ஹட்டன் பக்கம் ஒரு இசைக்குழுவில் வாசிக்கிறேன். கல்யாண வீடு, தோட்டத்துத் திருவிழா என்று ஓடும். நல்ல பழைய கிட்டார் ஒன்று வேண்டுமென்று இரண்டு வருடமாகக் காசு சேர்த்தேன், மீதிக்கு அம்மாவின் சீட்டுக் காசு. அமெரிக்காவின் ஃபெண்டர் கம்பனி 1982 இல் ஜப்பானில் கிட்டார் செய்யத் தொடங்கியது. மட்சுமோட்டோ நகரத்து ஃபுஜிஜென் தொழிற்சாலையில் செய்த அந்த ஆரம்பக் கிட்டார்களின் தொடர் இலக்கம் 'ஜேவி' (JV) என்று தொடங்கும். 1984 வரைக்கும்தான் அது. கிட்டார் பைத்தியங்களுக்கு அந்த இரண்டு எழுத்தும் போதும். எனக்கும் போதுமாக இருந்தது.

மாடியில் மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. பிளேன்டீ வந்தது, கூடவே ஒரு துண்டு கருப்பட்டி. "தம்பி, இது நுவரெலியாவுல ஏப்ரல் சீசனுக்கு ஹோட்டல்ல வாசிச்ச பெரியவரோடது. நாப்பது வருஷம், ஒரே கை" என்று சொல்லிக் கடைக்காரர் கிட்டாரை என் மடியில் வைத்தார். வலது முழங்கை படும் இடத்தில் பெயின்ட் தேய்ந்து மரம் தெரிந்தது. பின்பக்கம் பெல்ட் பக்கிள் உரசிய வட்டம். பிளாஸ்டிக் எல்லாம் பழுப்பேறி, பழைய பியானோக் கட்டை நிறத்தில் இருந்தது. கையை வைத்தேன், அந்தத் தேய்மானத்தில் அப்படியே போய் உட்கார்ந்தது. யாரோ முகம் தெரியாத பெரியவர் என் தோளில் கை போட்ட மாதிரி இருந்தது. அந்த இடத்தில்தான் நான் விழுந்தேன். கிட்டாரைத் திருப்பி, கழுத்தையும் உடலையும் சேர்த்து முடுக்கிய தகட்டை, அதாவது நெக் பிளேட்டைக் காட்டினார், ஜேவி இலக்கம் இருந்தது. விலையே பேசவில்லை. 165,000 ரூபாவையும் எண்ணி வைத்தேன். அதிலிருந்து 500 ரூபாவை எடுத்து என் சட்டைப்பையில் செருகி, "பஸ்ஸுக்கு வச்சுக்கங்க தம்பி, நம்ம புள்ள" என்றார். அந்த 500 ரூபாதான் இப்போது நெஞ்சில் குத்துகிறது.

பில் கேட்டேன், தந்தார். "பழைய கிட்டார் - 1" என்று மட்டும் எழுதியிருந்தது. அதைப் படித்தும் மடித்து வைத்துக்கொண்டேன் பாருங்கள், அந்த முட்டாள் நான்தான்.

மூன்றாம் நாள் ரிகர்சலில், அம்ப் வயரைச் செருகும் ஜாக் கரகரத்தது. டவுனில் ரேடியோ, அம்ப் திருத்தும் அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் முன்பக்கத்தை மூடியிருக்கும் பிளாஸ்டிக் தகட்டை, அதாவது பிக்கார்டைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "எவ்வளவுக்கு வாங்குன?" என்றார்.

கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப் உட்காரும் குழிக்குள் மரம் அடுக்கடுக்காகத் தெரிந்தது. பிளைவுட். அல்நிக்கோ என்ற உலோகக் கலவையில் ஆறு காந்தக் கம்பிகள் இருக்கவேண்டிய பிக்கப்பின் அடியில் கறுப்பு பீங்கான் காந்தக் கட்டி ஒட்டியிருந்தது. மலிவு கிட்டாரில் வருவது அது. தேய்ந்த இடத்தை லைட்டில் சாய்த்துப் பார்த்தால் சேன்ட்பேப்பர் கோடுகள் எல்லாம் ஒரே பக்கமாக ஓடின. நாற்பது வருடம் வாசித்த கிட்டாரில், கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் ஃபிரெட் என்ற உலோகக் கட்டைகளில் கம்பி பதிந்த குழி ஒன்றுகூட இல்லை. நெக் பிளேட்? நாலு ஆணியைக் கழற்றினால் எந்தத் தகட்டையும் எதிலும் மாட்டலாம்.

பிளாஸ்டிக் பழுப்பு வெயிலும் வியர்வையும் பட்ட இடத்தில்தான் ஏறும். இதில் பிக்கார்டின் அடிப்பக்கமும், பிக்கப் மூடியில் உள்ளே மறைந்திருக்கும் பகுதியும்கூட அதே பழுப்பு. முழுசாக எதிலோ முக்கி எடுத்திருக்கிறார்கள். அண்ணன் முகர்ந்து பார்த்துச் சிரித்தார்: "சாயத் தண்ணிடா. நம்ம தேயிலையேதான்." தேயிலை மலையில் பிறந்தவனுக்கே தேயிலைச் சாயத்தைப் பூசி விற்றிருக்கிறார்கள்.

அன்றைக்கே கடைக்குப் போன் எடுத்தேன். "பழசுன்னா அப்படித்தான் தம்பி, நம்ம ஊர் குளிருக்கு எல்லாம் மாறும்." குளிருக்கு மரம் பிளைவுட்டாக மாறுமா? அடுத்த நாள் "முதலாளி கொழும்பு போயிட்டார்." அதற்கடுத்த நாள் வட்ஸ்அப்பில் இரண்டு நீலக் கோடு, பதில் இல்லை. சனிக்கிழமை நேரில் போனேன். கொழும்பு போன முதலாளி கல்லாவில் இருந்தார். பிளேன்டீ வரவில்லை. "நீங்க கழட்டிட்டீங்க, இனி நாங்க பொறுப்பில்ல. உள்ள இருந்த நல்ல பிக்கப்ப நீங்களே மாத்திட்டீங்களோ யாருக்குத் தெரியும்?" பில்லை நீட்டினேன். "இதுல எங்க ஜப்பான்னு இருக்கு?" என்று கேட்டார். கடைசியில், "வேணும்னா 25,000க்கு எடுத்துக்கிறேன்" என்றார். என்னிடம் 165,000 ரூபாவுக்கு விற்றதை!

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறைப்பாடு செய்யப் போகிறேன். அந்தப் பில்லை வைத்து என்ன ஆகுமோ.

பழைய கிட்டார் வாங்குவது எப்படி என்று விளக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது முடியவில்லை. இதை மட்டும் செய்யுங்கள்: காசைக் கொடுக்குமுன் பிக்கார்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள், மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். உடல் தேய்ந்து ஃபிரெட் புதிதாக இருந்தால் தொடாதீர்கள். பில்லில் கம்பனி, நாடு, வருடம் மூன்றையும் எழுதி வாங்குங்கள். தனியாகப் போகாதீர்கள், மழை நாளில் போகவே போகாதீர்கள்.

இன்று காலை அதே கடைக்காரர் புதிதாக ஒன்றின் படத்தைப் போட்டிருக்கிறார். "1983, ஜப்பான், ஒரே கை பாவித்தது." பிளாஸ்டிக்கின் நிறத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.