வானளாவிகளில் முதலிடம் யாருக்கு? ஹாங்காங், ஷென்சென், நியூயார்க், துபாய்: ஓர் ஒப்பீடு

வானளாவிகள் அதிகமுள்ள நகரம் எது என்று கேட்டால் சிலர் ஹாங்காங் என்பார்கள், சிலர் துபாய் என்பார்கள். இரண்டுமே சரிதான். 150 மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களை எண்ணினால் ஹாங்காங்கை நெருங்க ஆளில்லை. 300 மீட்டருக்கு மேல் மட்டும் எண்ணினால் அதே ஹாங்காங்கில் தேறுவது ஆறே கட்டடங்கள். துபாயில் 30ஐ ஒட்டி இருக்கின்றன. இடையில் 200 மீட்டரில் கோடு போட்டால் சீனாவின் ஷென்சென் முன்னால் வந்துவிடுகிறது. உயரத்தின் கோட்டை மாற்றும்போது எந்த நகரம் மேலே ஏறுகிறது, எது சரிகிறது என்று பார்த்தால்தான், அந்த நகரம் எதற்காக உயர்ந்தது என்பது புரியும்.

முதலில் எண்ணும் முறையைப் பார்த்துவிடுவோம், பாதிக் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. சிகாகோவை மையமாகக் கொண்ட உயர் கட்டடங்களுக்கான உலகளாவிய கவுன்சிலின் கணக்கையே துறையில் பெரும்பாலும் பின்பற்றுகிறார்கள். நடந்து உள்ளே நுழையக்கூடிய வாசல்களில் மிகத் தாழ்வானது எதுவோ, அங்கிருந்து கட்டடக்கலையின் பகுதியாக அமைந்த உச்சிவரை அளப்பார்கள். உச்சியில் உள்ள ஊசி முனை கணக்கில் சேரும். ஆண்டெனா, கொடிக்கம்பம், விளம்பரப் பலகை சேராது. மொத்த உயரத்தில் பாதியாவது மனிதர் புழங்கும் தளங்களாக இருந்தால்தான் அது கட்டடம். அதனால்தான் 634 மீட்டர் உயரமுள்ள டோக்கியோ ஸ்கைட்ரீ இந்தப் பட்டியல்களில் வருவதில்லை.

ஊசி சேரும், ஆண்டெனா சேராது என்ற விதி பெரிய சண்டைகளைக் கிளப்பியிருக்கிறது. கோலாலம்பூரின் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரங்கள் 452 மீட்டர் என்று அறிவிக்கப்பட்டு சிகாகோவின் 442 மீட்டர் சியர்ஸ் டவரை முந்தியது ஊசியின் புண்ணியத்தில். மேல் தளத்தை மட்டும் பார்த்தால் சியர்ஸ்தான் உயரம். நியூயார்க்கின் ஒன் வேர்ல்ட் டிரேட் சென்டரின் கூரை 417 மீட்டரில் முடிகிறது. அதன்மேல் நிற்கும் கம்பம் ஊசியா ஆண்டெனாவா என்று 2013ல் விசாரித்து, ஊசிதான் என்று தீர்ப்பானதால் 541 மீட்டர் ஆயிற்று. ஷென்செனின் பிங் ஆன் கோபுரத்தில் நடந்தது நேர் எதிர். விமானப் பாதையை முன்னிட்டு உச்சி ஊசியைக் கைவிட்டார்கள். 599 மீட்டரில் நின்றது. 600ஐத் தொட்டவற்றுக்கு என்று உள்ள தனி வகுப்பில் ஒரே மீட்டரில் இடம் போயிற்று.

கோடு எவ்வளவு கொடூரமானது என்பதற்கு இன்னும் இரண்டு சாட்சிகள். ஜப்பானின் முதல் வானளாவி என்று கொண்டாடப்படும், 1968ல் முடிந்த டோக்கியோவின் கசுமிகசெகி கட்டடம் 147 மீட்டர். 150 மீட்டர் பட்டியலில் அதற்கு இடமில்லை. பிரேசிலின் சாவ் பாவுலோவில் அடுக்குமாடிகள் ஆயிரக்கணக்கில் உண்டு. வானத்திலிருந்து பார்த்தால் கான்கிரீட் காடு. ஆனால் 1960ல் கட்டிய 170 மீட்டர் மிராண்டி டூ வாலே கட்டடம்தான் சுமார் அறுபது ஆண்டுகள் அந்நகரின் உச்சமாக இருந்தது. 100 மீட்டரில் கோடு போடும் பட்டியலில் முன்வரிசையில் நிற்கும் நகரம், 150 மீட்டரில் காணாமல் போகிறது. இரண்டு பட்டியல்கள் முரண்படுவதாகத் தோன்றினால் முதலில் பார்க்க வேண்டியது அவை எந்த உயரத்திலிருந்து எண்ணுகின்றன என்பதைத்தான்.

நான்கு நகரங்களின் நிலவரம் இது. கட்டடங்கள் மாதந்தோறும் முடிவதால் எண்களை முழுதாக்கித் தந்திருக்கிறோம்:

| நகரம் | 150 மீ.க்கு மேல் | 300 மீ.க்கு மேல் | ஒரு லட்சம் பேருக்கு (150 மீ.+) |
|---|---|---|---|
| ஹாங்காங் | 550ஐ ஒட்டி | 6 | 7க்குச் சற்று மேல் |
| ஷென்சென் | 400ஐ ஒட்டி | 20ஐ ஒட்டி | 2க்குச் சற்று மேல் |
| நியூயார்க் | 300க்குச் சற்று மேல் | 15க்கு மேல் | 3.5ஐ ஒட்டி |
| துபாய் | 250ஐ ஒட்டி | 30ஐ ஒட்டி | 6.5ஐ ஒட்டி |

ஹாங்காங்: வீடுகள் ஏறிய உயரம்

இங்கே பெரும்பாலான வானளாவிகள் அலுவலகங்கள் அல்ல, குடியிருப்புகள். 75 லட்சம் மக்கள். நிலம் சுமார் 1,100 சதுர கிலோமீட்டர். அதில் கட்டடங்களும் சாலைகளும் எழும்பியது கால் பங்குதான். மீதி மலைச்சரிவும் வனப்பூங்காவும். நிலம் அரசின் கையில். குத்தகைக்கு ஏலம் விடும்போது கொடுக்கும் விலையைத் திரும்ப எடுக்க, அனுமதித்த தளப்பரப்பு முழுவதையும் கட்டுநர் கட்டியே தீருவார்.

வீட்டுத் தளம் ஒன்றுக்கு 3 மீட்டர் என்று வைத்தால், அடியில் கடைகளும் வாகன நிறுத்தமுமாக 15 மீட்டர் மேடை, அதன்மேல் 45 தளம். 150 மீட்டரைத் தொட்டாயிற்று. ஆகவே மலிவான, திரும்பத் திரும்ப ஒரே அச்சில் வார்த்த குடியிருப்புக் கோபுரமே இங்கே பட்டியலில் நுழைந்துவிடுகிறது. ஒரு வளாகத்தில் ஆறு கோபுரம் இருந்தால் கணக்கில் ஆறு ஏறும். அவற்றை மேலிருந்து பார்த்தால் சிலுவை வடிவத்தில், பக்கவாட்டில் வெட்டுவெட்டாக இருக்கும். காரணம் அழகியல் அல்ல. சமையலறைக்கும் குளியலறைக்கும்கூட வெளிக்காற்று வரும் ஜன்னல் வேண்டும் என்கிறது கட்டட விதி. தளத்துக்கு எட்டு வீடு வைத்து அத்தனைக்கும் ஜன்னல் கொடுக்க அந்த வடிவம்தான் வழி.

அப்படியானால் 300 மீட்டருக்கு மேல் ஏன் ஆறே? இரண்டு தடைகள். கவுலூன் நடுவே இருந்த காய் டாக் விமான நிலையம் 1998ல் மூடப்படும்வரை அந்தப் பக்கம் உயரக் கட்டுப்பாடு கடுமை. விமான நிலையம் போன பிறகும், துறைமுகத்திலிருந்து பார்த்தால் மலைமுகடு மறையக்கூடாது என்ற வழிகாட்டுதல் நிற்கிறது. 484 மீட்டர் ஐ.சி.சி. (இன்டர்நேஷனல் காமர்ஸ் சென்டர்) கோபுரம் முதலில் இதைவிட உயரமாகத் திட்டமிடப்பட்டது. சுற்றுமலைகளை மீறக்கூடாதென்று குறைக்கப்பட்டது. அந்தக் கட்டுப்பாட்டை நான் முழுமனதுடன் ஆதரிக்கிறேன். மலை தெரியாத ஹாங்காங் இன்னொரு கான்கிரீட் துறைமுகம், அவ்வளவே.

மாடிக் கணக்கை வைத்து ஒப்பிடுவோர் இங்கே ஏமாறுவார்கள். நான்கு என்ற எண் ஆகாது என்பதால் 4, 14, 24 போன்ற தளங்களைப் பல கட்டடங்கள் தாண்டிவிடும். ஐ.சி.சி.யின் மேல் தளத்துக்கு 118 என்று பெயர். உண்மையில் இருப்பது 108. மீட்டரை மட்டும் நம்புங்கள்.

ஷென்சென்: நாற்பது ஆண்டில் நானூறு

எல்லைக்கு அப்பால், ஹாங்காங்கிலிருந்து ரயிலில் போகும் தூரம். 1980ல் சிறப்புப் பொருளாதார மண்டலம் ஆனது. 1985ல் முடிந்த 160 மீட்டர் குவோமாவ் கட்டடத்தில் மூன்று நாளுக்கு ஒரு தளம் எழுந்தது; 'ஷென்சென் வேகம்' என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. இன்று 1.75 கோடி மக்கள், சுமார் 2,000 சதுர கிலோமீட்டர். மக்கள் தொகை பெரிது என்பதால்தான் தலைக்கு இத்தனை என்று வகுக்கும்போது நான்கில் கடைசிக்கு வந்துவிடுகிறது.

நியூயார்க்கில் வானளாவிகளின் பெரும்பகுதி மன்ஹாட்டனில் குவிந்தது. ஷென்செனில் லோஹு, ஃபுதியான், நான்ஷான் என்று மையங்கள் பல. அலுவலகக் கோபுரங்களின் பங்கும் கூடுதல். அலுவலகத் தளத்துக்கு 4 மீட்டருக்கு மேல் உயரம் தேவை. எனவே 50 தளம் கட்டினாலே 200 மீட்டர் வந்துவிடுகிறது. 200 மீட்டர் கோட்டில் இந்நகரம் முன்னேறுவதன் ரகசியம் பாதி இதுதான்.

வேகத்துக்கு விலையும் உண்டு. 2021 மே 18 அன்று செக் பிளாசா கோபுரம் கண்ணுக்குத் தெரிகிற அளவு ஆடியது. மக்கள் வெளியே ஓடினார்கள். நிலநடுக்கம் இல்லை, புயலும் இல்லை. உச்சியில் இருந்த கம்பத்தைச் சுற்றி எழுந்த காற்றுச் சுழல்களின் அதிர்வு, ஆண்டுகள் கடந்ததில் மாறியிருந்த கட்டடத்தின் இயல்பான அதிர்வோடு ஒத்துப்போனதுதான் காரணம் என்று ஆய்வு சொன்னது. கம்பத்தை அகற்றிய பிறகே கட்டடத்தைத் திறந்தார்கள். உயரக் கணக்கில் சேராத உறுப்பு, பொறியியல் கணக்கில் தன் இடத்தைக் கேட்டு வாங்கிய நாள் அது.

நியூயார்க்: சட்டம் செதுக்கிய வடிவங்கள்

இந்த நான்கில் மூத்தது. 319 மீட்டர் கிரைஸ்லர் 1930ல், 381 மீட்டர் எம்பயர் ஸ்டேட் 1931ல். ஷென்சென் மீன்பிடி ஊர்களாகவும் வயல்களாகவும் இருந்த காலத்திலேயே இங்கே 300 மீட்டரைத் தாண்டிவிட்டார்கள்.

இங்கே உயரத்தை நிர்ணயித்தது நிலத்தைவிடச் சட்டம். 1915ல் எழுந்த ஈக்விடபிள் கட்டடம் சுற்றுத் தெருக்களை நிழலில் மூழ்கடித்தது. மறு ஆண்டே வந்த விதி, மேலே போகப்போகச் சுவரைப் பின்வாங்கச் சொன்னது. மனையின் கால் பங்குக்குள் அடங்கிவிட்டால் எவ்வளவு வேண்டுமானாலும் உயரலாம். படிப்படியாகக் குறுகி ஊசியாகும் பழைய மன்ஹாட்டன் வடிவம் அங்கே பிறந்தது. 1961ல் தளப்பரப்புக் குறியீடு வந்தது, மனையின் பரப்பைப்போல் எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்ற வரம்பு. நம் ஊரில் எஃப்.எஸ்.ஐ. என்கிறோமே, அதே கணக்கு. பக்கத்து மனைக்காரர் பயன்படுத்தாத தளப்பரப்பை விலைக்கு வாங்கிச் சேர்க்கவும் வழி இருந்தது.

அந்த வழியில் பிறந்தவைதான் 57வது தெருவை ஒட்டிய ஒல்லிக் கோபுரங்கள். 111 மேற்கு 57வது தெருவில் நிற்கும் 435 மீட்டர் கட்டடத்தின் உயரம் அதன் அகலத்தைப்போல் 24 மடங்கு. இத்தனை ஒல்லியானால் கட்டடம் விழாது, ஆனால் ஆடும். மேலே குடியிருப்பவருக்குத் தலை சுற்றும். அதைத் தணிக்க உச்சியில் 800 டன் எடையைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். கட்டடம் ஒரு பக்கம் சாயும்போது எடை எதிர்ப்பக்கம் இழுக்கும். 432 பார்க் அவென்யூ கோபுரத்தில் இத்துடன் 12 தளத்துக்கு ஒருமுறை ஜன்னலே இல்லாமல் திறந்துவிட்டு, காற்றை ஊடே போகவிட்டார்கள். அப்படியும் தண்ணீர்க் கசிவு, லிஃப்ட் நின்றுபோதல், சத்தம் என்று குறைகளை அடுக்கி 2021ல் குடியிருப்போர் தரப்பு வழக்குத் தொடுத்தது.

இயந்திரத் தளங்கள் எஃப்.எஸ்.ஐ.யில் சேராது என்பதைப் பயன்படுத்தி, நடுவே வெற்றுத் தளங்களைச் செருகி மேல் வீடுகளைத் தூக்கி நிறுத்தும் வழக்கமும் பரவியது. 2019ல் அந்த ஓட்டையை அடைத்தார்கள்: குடியிருப்புப் பகுதிகளில் சுமார் 7.6 மீட்டருக்கு மேல் உயரமான இயந்திரத் தளம் இனி கணக்கில் சேரும்.

எல்லைக் கோட்டையும் கவனிக்க வேண்டும். ஹட்சன் ஆற்றுக்கு அக்கரை ஜெர்சி சிட்டி கோபுரங்கள் கண்ணுக்கு நியூயார்க்தான், பட்டியலுக்கு வேறு மாநிலம். சீனாவின் சோங்சிங்கைப் போலச் சுமார் 82,000 சதுர கிலோமீட்டர் பரவிய நிர்வாகப் பகுதியும் பட்டியலில் ஒரே நகரம்தான்.

துபாய்: உச்சியில் வெற்றிடம்

துபாயில் 1999 வரை 300 மீட்டர் கட்டடம் ஒன்றுகூட இல்லை. வெளிநாட்டவர் வீடு வாங்க 2002ல் வழி திறந்தது. கட்டும் முன்பே விற்கும் முறையில் கோபுரங்கள் முளைத்தன. அதே முறைதான் 2008 நெருக்கடியில் பலவற்றைப் பாதியில் நிறுத்தியது.

இங்கே 'உயரம்' என்ற எண்ணைக் கூர்ந்து பார்க்க வேண்டும். புர்ஜ் கலீஃபாவின் 828 மீட்டரில், மனிதர் புழங்கும் கடைசித் தளத்துக்கு மேலே இருப்பது 244 மீட்டர். அந்த மேல்பகுதியைத் தனியே தரையில் வைத்தால் அதுவே 200 மீட்டர் பட்டியலில் ஏறும். புர்ஜ் அல் அரப் ஹோட்டலின் 321 மீட்டரில் 124 மீட்டர் இப்படித்தான். அதைக் கழித்தால் 200ஐக்கூடத் தொடாது. துபாயின் முதலிடத்தை இது ரத்து செய்துவிடாது. ஆனால் ஹாங்காங்கின் 250 மீட்டர் குடியிருப்புக் கோபுரம் ஏறக்குறைய உச்சிவரை ஆள் வாழும் இடம் என்பதை மறந்துவிட்டு இரண்டையும் ஒரே தராசில் வைப்பது நியாயமல்ல.

பொறியியலில் குறை சொல்ல முடியாது. அடியில் கெட்டிப் பாறை இல்லை, பலவீனமான மணற்பாறைதான். எனவே புர்ஜ் கலீஃபாவை 3.7 மீட்டர் தடிமனான கான்கிரீட் மெத்தையும், 1.5 மீட்டர் விட்டமுள்ள 190க்கும் மேற்பட்ட பைல்களும் (நிலத்தில் ஆழமாக இறக்கிய தூண்கள்) தாங்குகின்றன. கோடையில் கான்கிரீட்டை இரவில்தான் ஊற்றினார்கள், கலவையில் பனிக்கட்டி சேர்த்து. இல்லாவிட்டால் இறுகும் வேகம் கூடி விரிசல் விடும். வெயிலில் கட்டியவர்களில் தமிழ்நாட்டுத் தொழிலாளர்களும் உண்டு என்பதை நாம் நினைவில் வைக்க வேண்டும். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகலில் திறந்தவெளி வேலைக்குத் தடை இருப்பதும் அந்த வெயிலால்தான்.

சுவரை மூடும் வெளிப்புறப் பலகைகள் வேறு கதை. டார்ச் கோபுரம் 2015லும் 2017லும் எரிந்தது. 2015 டிசம்பர் 31 இரவு அட்ரஸ் டவுன்டவுன் எரிந்தது. இரண்டு அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பாலிஎத்திலீன் வைத்த பலகையில் தீ பிடித்தால் சுவரோடு மேலே ஓடும். அதன்பின் விதிகள் இறுக்கப்பட்டன.

பட்டியலில் பின்தங்கியவை

பின்தங்கல் எல்லாம் இயலாமையல்ல. டோக்கியோவில் 150 மீட்டர் கட்டடங்கள் சுமார் 170 உண்டு. 300ஐத் தாண்டியது 2023ன் 325 மீட்டர் மோரி ஜே.பி. டவர் மட்டுமே. லண்டனில் செயின்ட் பால் தேவாலயக் காட்சியைக் காக்கும் விதிகள் இருக்கின்றன. ஷார்ட் கோபுரம் மட்டும் 310 மீட்டர். சிங்கப்பூரில் விமானத் தளங்களால் நெடுங்காலம் 280 மீட்டர் உச்சவரம்பு இருந்தது. 280ஐ ஒட்டி முடிந்த மூன்று கோபுரங்கள் பல ஆண்டுகள் அங்கே முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டன. கோலாலம்பூர் தடையில்லாமல் ஏறியது; அங்கே மெர்டேக்கா 118 இப்போது 679 மீட்டர், உலகின் இரண்டாவது உயரம், அதிலும் ஊசியின் பங்கு பெரிது.

இனி வரிசையை மாற்றப்போவது விதிகள்தான். 2021ல் சீனா 500 மீட்டருக்கு மேல் புதிதாகக் கட்டத் தடை போட்டது. ஷென்சென் போன்ற பெருநகரங்களில் 250 மீட்டருக்கு மேல் கட்டவும் கடும் கட்டுப்பாடு. ஆகவே 300 மீட்டர் பட்டியலில் துபாயை ஷென்சென் பிடிப்பது கடினம். 150 முதல் 250 மீட்டர் வரை அதற்குக் கதவு திறந்தே இருக்கிறது, ஹாங்காங்குக்கும் அதற்கும் உள்ள இடைவெளி நூற்றைம்பதுக்குள் வந்துவிட்டது. முதலிடம் கைமாறினால் அந்தப் பட்டியலில்தான் மாறும்.