6 எம்பி கேமராவோடு 17 வருடம்: எந்த எம்பியைக் கேட்கிறீர்கள்?

2008 தீபாவளிக்கு வாங்கிய நிக்கான் டி40 இன்னும் என்னிடம் ஓடுகிறது. பேட்டரியை மட்டும் இரண்டு முறை மாற்றினேன். 6 மெகாபிக்சல்தான். "இன்னுமா இதை வச்சிருக்க?" என்று கேட்காத ஆளில்லை. ஆனால் இத்தனை வருடத்தில் என்னைப் படுத்தியது கேமரா இல்லை, 'எம்பி' என்ற ஒரு வார்த்தை.

நம் ஊர்க் கடைகளில் படத்தின் புள்ளிக் கணக்கான மெகாபிக்சலும் எம்பி, ஃபைல் அளவான மெகாபைட்டும் எம்பி. "அண்ணே, அஞ்சு எம்பிக்கு மேல இருந்தாத்தான் பெருசா போட முடியும்" என்று ஸ்டூடியோ தம்பி சொன்னபோது, என்னுடையது ஆறு ஆயிற்றே என்று தைரியமாக பென் டிரைவை நீட்டினேன். அவர் பார்த்தது ஃபைல் அளவை. அதில் 2.8 என்று இருந்தது. "பத்தாதுண்ணே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். டி40 தரும் படம் 3008 × 2000. அதாவது சுமார் 60 லட்சம் புள்ளிகள். ஒரு புள்ளிக்கு சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பைட் வீதம் அப்படியே எழுதி வைத்தால் 18 எம்பி ஆகும். கேமரா படத்தைச் சேமிக்கும் ஜேபெக் முறை அதைச் சுருக்கித்தான் மூன்றுக்குப் பக்கத்தில் கொண்டுவருகிறது. எவ்வளவு சுருங்கும் என்பது படத்துக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. மொட்டை மாடியில் நின்று மேகமில்லாத வானத்தை ஒன்று எடுத்தேன், 1.3 எம்பி. அப்படியே கேமராவைக் கீழே இறக்கி வேப்பமரத்தை எடுத்தேன், 3.6 எம்பி. இரண்டிலும் புள்ளிகள் அதே 3008 × 2000. இலை இலையாக எழுத மரத்துக்கு இடம் வேண்டும், வானத்துக்கு என்ன வேண்டும்? அந்த ஐந்து எம்பி விதிப்படி என் கேமராவில் எடுத்த எதையுமே பெரிதாகப் போட முடியாது. அப்புறம் அதே படத்தை வேறு கடையில் 12×18 அங்குலத்தில் போட்டேன், நன்றாகவே வந்தது.

இது முழுசாக உறைத்தது அப்பத்தா படத்தில்தான். 2011-ல் திண்ணையில் உட்கார வைத்து எடுத்தது. காதில் தண்டட்டி, மூக்கில் சிவப்புக்கல் மூக்குத்தி, பக்கவாட்டு வெளிச்சம். 2019-ல் அப்பத்தா தவறியபோது நான் ஊரில் இருந்தேன், ஹார்ட் டிஸ்க் சென்னையில். "சித்தப்பா, என் போன்ல இருக்கு" என்று அண்ணன் மகன் வாட்ஸ்அப்பில் எப்போதோ வந்த படத்தைக் கொடுத்தான். அவசரத்தில் நானும் சரி என்றுவிட்டேன். 1600 × 1064, வெறும் 210 கேபி. 12×18 அங்குலத்துக்கு அதை இழுத்தால் அங்குலத்துக்கு 89 புள்ளிதான் வரும். கடையில் அதை மென்பொருளில் பெரிதாக்கி, "இப்ப ஆறு எம்பி ஆயிடுச்சு பாருங்க" என்று காட்டினார்கள். ஆகத்தான் செய்யும். இரண்டு புள்ளிக்கு நடுவே ஊகித்து நான்கு புள்ளி சேர்த்தால் ஃபைல் வீங்கும். போன மூக்குத்தி திரும்பி வருமா? மாலை போட்ட படத்தில் மூக்குத்தி இருந்த இடத்தில் ஒரு சிவப்புத் தீற்றல். தண்டட்டியின் சதுர முனைகள் மழுங்கி, வெல்லக்கட்டி கரைந்த மாதிரி இருந்தது.

தலைத்திவசத்துக்கு மூலப் படத்தை எடுத்து அதே அளவில் மறுபடி போட்டேன். 3008-ஐ 18-ஆல் வகுத்தால் 167. புத்தகம் மாதிரி கையில் வைத்துப் பார்க்கும் பிரிண்டுக்கு 300 என்பார்கள், அதில் பாதிதான் இது. ஆனால் சுவரில் மாட்டி மூன்றடி தள்ளி நின்று பார்க்கிற படத்துக்கு 167 தாராளம். கல் தனியாக, அதைச் சுற்றிய தங்கம் தனியாகத் தெரிந்தது.

வாட்ஸ்அப்பைக் குறை சொல்ல மாட்டேன், சீக்கிரம் போய்ச் சேரத்தான் அது படத்தைச் சுருக்குகிறது. டாக்குமெண்டாக அனுப்பினால் மூலம் அப்படியே போகும். மேக்ஸி என்று கடையில் சொல்லும் 4×6-க்கு அந்த 1600 புள்ளியே போதும், அங்குலத்துக்கு 267 வருகிறதே.

டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற பஞ்சாயத்து ஒன்றும் நடந்தது. ஒரு விழா மலருக்கு அனுப்பிய படத்தை "72 டிபிஐ சார், 300 வேணும்" என்று திருப்பினார்கள். அது ஃபைலுக்குள் எழுதியிருக்கும் ஒரு குறிப்பு, அவ்வளவுதான். அகலம் 3008 புள்ளி என்றால் 72 என்று எழுதினாலும் 3008, 300 என்று எழுதினாலும் 3008. மென்பொருளில் புள்ளிகளைக் கூட்டிக் குறைக்கும் 'ரீசாம்பிள்' டிக்கை எடுத்துவிட்டு 72-ஐ 300 ஆக மாற்றி அனுப்பினேன். ஒரு புள்ளிகூட மாறவில்லை. "இப்ப சூப்பர் சார்" என்று பதில் வந்தது!

இதற்கு நேர் எதிரான சோதனை, பிள்ளைகளின் தேர்வு விண்ணப்பம். போட்டோ 20 முதல் 50 கேபிக்குள் இருக்க வேண்டும். நான் முதலில் 3008 புள்ளிகளையும் வைத்துக்கொண்டு தரத்தை மட்டும் குறைத்துக்கொண்டே போனேன். 50 கேபிக்கு இறங்குவதற்குள் முகம் கட்டம் கட்டமாக உடைந்துவிட்டது. முதலில் குறைக்க வேண்டியது புள்ளிகளை. 35×45 மில்லிமீட்டர் படத்துக்கு அங்குலத்துக்கு 300 வீதம் போட்டாலும் 413 × 531 போதும். அந்த அளவுக்கு இறக்கிவிட்டுச் சேமித்தால் நல்ல தரத்திலேயே 50-க்குள் அடங்குகிறது.

இப்போது கையில் 50 மெகாபிக்சல் போனும் இருக்கிறது. சாதாரணமாக நான்கு புள்ளியை ஒன்றாகச் சேர்த்து 12 மெகாபிக்சல் படம்தான் தருகிறது. பகலில் எடுத்து 12×18 போட்டால் போன் படம் டி40-ஐவிடத் துல்லியம், மறுக்கவில்லை. ஆனால் போன் படம் 4:3, அந்தத் தாள் 3:2. தலையிலோ காலிலோ வெட்டு விழும். குரூப் போட்டோ எடுக்கும்போது மேலும் கீழும் இடம் விட்டு எடுக்கப் பழகிக்கொண்டேன்.

போன வருடம் எங்கள் ஊர்க் கோயில் கும்பாபிஷேகத்துக்கு 12×8 அடி பிளெக்ஸ். கோபுரப் படம் டி40-ல் எடுத்தது. டிசைன் போட்டவர், "இது 6 எம்பி கேமராவா, பிளெக்ஸுக்கு நூறு எம்பியாவது வேணுமே" என்று தயங்கினார். 144 அங்குலத்துக்கு 3008 புள்ளி, அங்குலத்துக்கு 21கூட வராது. பரவாயில்லை, போடுங்கள் என்றேன். கட்டிய அன்று கிட்டே போய் மூக்கு உரசப் பார்த்தேன். கடுகு கடுகாகக் கட்டங்கள் தெரிந்தன. ஒவ்வொரு அடியாகப் பின்னால் நகர்ந்தேன். டீக்கடை பெஞ்சுக்கு வந்தபோது, பதினைந்தடி இருக்கும், கடுகெல்லாம் ஒட்டிக்கொண்டு கலசம் கலசமாகவே தெரிந்தது. அங்கேயே உட்கார்ந்து ஒரு டீ சொன்னேன்.