டேமியன் ரைஸின் ‘ஓ’: விசிறியை நிறுத்திவிட்டுக் கேட்க வேண்டிய இறுவட்டு

அயர்லாந்துப் பாடகர் டேமியன் ரைஸ் 2002ஆம் ஆண்டில் வெளியிட்ட முதல் தொகுப்பான ‘ஓ’, கனடாவிலிருந்து வந்த அண்ணனின் பெட்டிக்குள் இறுவட்டாக என் கைக்கு வந்து சேர்ந்தது. மட்டக்களப்பின் கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில், பகல் வேளையில், தலைக்கு மேல் விசிறி சுழல, வீதியில் ஓட்டோக்கள் போய்வர, முதல் தடவை அதைப் போட்டுக் கேட்டபோது பாதிக்கு மேல் காதில் ஏறவே இல்லை. அன்றிரவு ஊர் அடங்கிய பின்னர் விசிறியை நிறுத்திவிட்டு ஹெட்போனில் கேட்டேன். கிட்டார்க் கம்பியில் விரல் வழுக்கிச் செல்லும் கீச்சொலியும், அடுத்த அடியைப் பாடுவதற்கு முன் அவர் இழுக்கும் மூச்சும் அப்போதுதான் கேட்டன. மட்டக்களப்பு வாவியில் துடுப்பை ஊன்றி அதன் முனையில் காதை வைத்து, நீருக்கடியில் பாடுவதாகச் சொல்லப்படும் பாடுமீனுக்காகக் காத்திருந்தவர்களுக்கு இந்தப் பொறுமை புதிதன்று.

இந்த நெருக்கத்துக்கு ஒரு காரணம் உண்டு. ஜூனிப்பர் என்ற இசைக்குழுவில் பாடிவந்த ரைஸ், இசைத்தட்டு நிறுவனத்தின் போக்கு ஒத்துவராமல் 1990களின் இறுதியில் அதைவிட்டு விலகி, இத்தாலியின் டஸ்கனிப் பகுதியில் சில காலம் தங்கினார். பின்னர் ஐரோப்பிய நகரங்களின் தெருவோரங்களில் பாடித் திரிந்து டப்ளினுக்குத் திரும்பினார். ஜேம்ஸ் பாண்ட் படங்களுக்கு இசையமைத்த டேவிட் ஆர்னல்ட் அவருடைய உறவினர். அவர் கொடுத்துதவிய ஒலிப்பதிவுக் கருவிகளைக் கொண்டே இப்பாடல்களில் பெரும்பாலானவை வீட்டுச் சூழலில் பதிவாகின.

ஆயினும் இத்தொகுப்பைத் தூக்கி நிறுத்துவது ரைஸின் குரல் மட்டுமன்று. உடன் பாடும் லிசா ஹனிகனின் குரலும், விவியன் லோங் வாசிக்கும் செலோ என்ற நரம்பு வாத்தியமும் சேர்ந்தே அதைச் செய்கின்றன. ‘த ப்ளோவர்ஸ் டோட்டர்’ பாடலில் ரைஸ் ஒரே ஏக்கத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, பிற்பகுதியில் ஹனிகன் மிகத் தாழ்ந்த குரலில் மறுமொழி சொல்கிறார். அக்கரைப்பற்று, சம்மாந்துறைப் பக்கத்து வயல்களில் ஆண் ஒரு கவி பாட, பெண் மறு கவியால் அவனை மடக்கும் முறையை அறிந்தவர்களுக்கு, அந்த இடத்தில் நிமிர்ந்து உட்காரத் தோன்றும். ‘ஐ ரிமெம்பர்’ இதற்கு நேர்மாறானது: அவள் அமைதியாகத் தொடங்கிய நினைவை, பாதியில் அவன் பறித்தெடுத்துக் கத்தித் தீர்க்கிறான். அந்தத் திருப்பம் எனக்கு இன்னமும் நெஞ்சைப் பிசைகிறது.

குறை இல்லாமல் இல்லை. மதுக்கடை மயக்கத்தில் இழுபடும் ‘சியர்ஸ் டார்லின்’ என் பொறுமையைச் சோதித்தது. தொகுப்பில் நான் தாண்டிச் செல்லும் பாடல் அது ஒன்றுதான். 2006இல் வந்த அவருடைய இரண்டாவது தொகுப்பான ‘9’ கோபம் கூடியது. 2007இல் ஹனிகன் பிரிந்து சென்ற பின்னர், எட்டு ஆண்டு இடைவெளியில், ரிக் ரூபினின் தயாரிப்பில் 2014இல் வந்த மூன்றாவது தொகுப்பு இசைக்கோலத்தில் செழிப்பானது என்றாலும், மறுமொழி சொல்ல எவருமில்லாத வெறுமை அதில் எனக்குப் பட்டது. ஆகவே புதிதாகக் கேட்பவர்கள் ‘ஓ’விலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பத்தாவது பாடலான ‘எஸ்கிமோ’, ஓப்பரா பாடகி ஒருவர் பின்லாந்து மொழியில் பாடும் பகுதியோடு உச்சத்துக்குச் சென்று ஓய்ந்ததும், எல்லாம் முடிந்துவிட்டதென்று இறுவட்டை வெளியே எடுத்துவிடாதீர்கள். நீண்ட மௌனத்துக்குப் பின் உறையில் குறிப்பிடப்படாத ஒரு பாடல் வரும். அதன் பின்னர் ஹனிகன் தனியாக ‘சைலண்ட் நைட்’ மெட்டைப் பாடுவார். புளியந்தீவுத் தேவாலயங்களில் நத்தார் நள்ளிரவில் எத்தனையோ தடவை கேட்ட அதே மெட்டு. சொற்களோ வேறு, பிரிந்துபோன ஒருவரை நோக்கியவை.