சேலம் கொண்டலாம்பட்டி பக்கத்து ராலி கார்ப் பட்டறை: பைக்கை விட்டுக் காருக்கு வருகிறவர்கள் கண்டிப்பாகப் போக வேண்டிய இடம்

பன்னிரண்டு வருஷம் பைக்கில் ராலி ஓட்டியவன் நான். 2022-இல் ராஜஸ்தானில் ஒரு மணல்மேட்டை ஏறித் தாண்டினேன், அந்தப் பக்கம் சரிவு இருக்கும் என்று நினைத்தேன், வெறும் பள்ளம்தான் இருந்தது. இடது தொடை எலும்பு இரண்டு இடத்தில் உடைந்தது, இடுப்பெலும்பில் விரிசல். தொடைக்குள் நீளமாகக் கம்பி வைத்து, இடுப்புப் பக்கமும் முட்டிப் பக்கமும் ஸ்க்ரூ போட்டார்கள். எல்லாம் கூடி வந்த பிறகு அளந்து பார்த்தால் இடது கால் இரண்டு சென்டிமீட்டர் குட்டை. டாக்டர் மறைக்காமல் சொன்னார்: நடக்கலாம், மாடி ஏறலாம், கார் ஓட்டலாம், ஆனால் பைக்கிலிருந்து மறுபடியும் இதே காலில் விழுந்தால் கம்பி முடிகிற இடத்தில் எலும்பு போகும், அதைச் சேர்ப்பது இந்தத் தடவை மாதிரி இருக்காது.

இந்தக் கதை எதற்கு என்றால், இந்தப் பட்டறை எனக்கு என்ன செய்து கொடுத்தது என்பது இது தெரிந்தால்தான் புரியும்.

படுக்கையில் கிடந்த மாதங்களில் எனக்குப் பிரெஞ்சு ராலி வீரர் ஊபெர் ஓரியோல் ஞாபகம்தான் அதிகம். பாலைவனத்தில் பல நாள் ஓடுகிற டக்கார் ராலியில், 1987-இல் பைக்கில் முன்னணியில் இருந்தவர், முடிய ஒரு நாள் பாக்கி இருக்கும்போது விழுந்து இரண்டு கணுக்காலும் உடைந்தது, அந்தக் காலோடு வண்டியை ஓட்டி அன்றைய ஸ்டேஜை, அதாவது அந்தக் கட்டத்துத் தூரத்தை, முடித்தார். அதோடு பைக்கை விட்டார். 1992-இல் மிட்சுபிஷி பஜேரோவில் அதே ராலியை ஜெயித்தார். பைக், கார் இரண்டிலும் டக்கார் ஜெயித்த முதல் ஆள் அவர்தான், அவருக்கு அப்புறம் பீட்டர்ஹான்செல், நானி ரோமா என்று இரண்டே பேர். நம் ஊர் பைக் ராலி வீரர் சி.எஸ். சந்தோஷ் 2021-இல் சவுதியில் நாலாவது ஸ்டேஜில் விழுந்து, மருந்து கொடுத்துக் கோமாவில் வைத்திருந்த நாட்களும் மனதில் வந்து போகும். 2015-இல் அவர் டக்காரை முடித்த முதல் இந்தியர் ஆனதைப் பார்த்துத்தான் என்னைப் போல பல பேர் மணலுக்கே போனோம்.

சரி, பட்டறைக்கு வருகிறேன்.

பழைய மாருதி ஜிப்ஸி ஒன்று வாங்கினேன். 1.3 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், நாலு சக்கரத்துக்கும் பவர், ஏணி மாதிரி சேஸிஸ், முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங். எடை ஒரு டன்னுக்குள்தான், சேலத்தில் எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டுவார், அதனால் முதல் ராலி காருக்கு இதைவிட வேறு யோசிக்கவில்லை. வண்டி உருண்டால் உள்ளே இருப்பவரைக் காக்கிற இரும்புப் பைப் கூண்டு, அதாவது ரோல் கேஜ், போட முதலில் வேறொரு இடத்துக்குப் போனேன். மூன்றே நாளில் முடித்துத் தருகிறேன் என்று சொல்லி, கேட் செய்கிற சாதாரண ஒட்டுப் பைப்பை எடுத்துக் காட்டினார்கள். ஒட்டுப் பைப் உருண்டு விழும்போது தையல் வழியாகப் பிளந்துவிடும் என்று எனக்கே தெரியும். அங்கிருந்து வந்துவிட்டேன்.

இந்தப் பட்டறை அண்ணனிடம் போன முதல் நாள் அவர் கேஜைப் பற்றிப் பேசவே இல்லை. வாசலில் கிடந்த பிளாஸ்டிக் சேரில் உட்காரச் சொன்னார், "செருப்பக் கழட்டு கண்ணு" என்றார், டெய்லர் டேப்பை எடுத்து இடுப்பிலிருந்து குதிகால் வரை இரண்டு காலையும் அளந்தார். அப்புறம் ஜிப்ஸியில் உட்கார வைத்துக் கிளட்சை மிதிக்கச் சொன்னார். கடைசி இரண்டு அங்குலத்துக்கு நான் இடுப்பை முன்னால் தள்ளித்தான் மிதிக்கிறேன் என்பதை அவர்தான் கண்டுபிடித்தார், எனக்கே தெரியாது. டீக்கடை பிஸ்கட் அட்டைப் பெட்டியைக் கிழித்து, மடித்து, பெடலில் ரப்பர் பேண்டால் கட்டி, மிதி, இன்னும் ஒரு மடிப்பு, மிதி, என்று முக்கால் மணி நேரம். அட்டை சரியாக வந்த பிறகுதான் அதே கனத்துக்கு அலுமினியத்தில் கட்டை கடைந்து பெடலில் போல்ட் போட்டார். இடது காலை ஊன்றி வைக்கத் தரையிலும் அதே கணக்கில் ஒரு மேடை. இப்போது கிளட்ச் மிதித்தால் இடுப்பு அசைவதில்லை. நாள் முழுக்க ஓட்டிவிட்டு இறங்கும்போது அந்த வித்தியாசம் என்ன என்று என் முதுகுக்குத் தெரியும்.

கேஜ் விஷயத்தில் அவர் உலகக் கார்ப் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் விதிப் புத்தகத்தை அச்செடுத்துச் சுவரிலேயே ஒட்டி வைத்திருக்கிறார். மெயின் வளைவுக்கு 45 மில்லிமீட்டர் விட்டம், 2.5 மில்லிமீட்டர் கனம், தையல் இல்லாத சீம்லெஸ் பைப், மற்ற பைப்புகளுக்கு 38 மில்லிமீட்டர். தரையில் நிற்கிற ஒவ்வொரு காலுக்கும் குறைந்தது மூன்று எம்8 போல்ட், அடியில் 3 மில்லிமீட்டர் தகடு. வளைத்த இடத்தில் பைப் நசுங்கியிருக்கிறதா என்று காலிப்பர் வைத்து எனக்கே காட்டினார். ஒரு வளைவு அவருக்குத் திருப்தியாக இல்லை, நான் பரவாயில்லை என்று சொல்லியும் கேட்காமல் அறுத்துப் போட்டுவிட்டுப் புதுப் பைப் வளைத்தார். அந்தப் பைப்புக்கு என்னிடம் காசு வாங்கவில்லை.

கதவுப் பக்கப் பைப் இன்னொரு கதை. விதிப்படி அது கதவு வாசலின் பாதி உயரத்துக்கு மேல் போகக் கூடாது. ஆனால் பாதி உயரம் என்பதே என் இடது காலுக்கு அதிகம், கையால் தொடையைத் தூக்கித்தான் வெளியே எடுக்க வேண்டும். வண்டி தீப்பிடித்தால் இப்படித் தூக்கிக்கொண்டிருக்க முடியுமா? அண்ணன் பைப்பை எவ்வளவு இறக்கலாமோ அவ்வளவு இறக்கினார், அப்புறம் என் கண்ணைத் துண்டால் கட்டி, பெல்ட் மாட்டி உட்கார வைத்து, "தீ பிடிச்சிருச்சு, எறங்கு" என்றார். முதல் தடவை பக்கிளைத் தேடவே நேரம் போனது. பத்துப் பதினைந்து தடவை செய்த பிறகு கை தானாகப் போனது. முதலில் வலது கால், அப்புறம் பின்புறம், கடைசியாக இடது காலை இழுத்துக்கொள்வது, இந்த வரிசை அவர் கண்டுபிடித்ததுதான்.

ஹெல்மெட்டில் நான் செய்யவிருந்த தப்பையும் சொல்லிவிடுகிறேன், பைக்கிலிருந்து வருகிற எல்லோரும் இதைச் செய்வோம். என்னிடம் நல்ல விலைக்கு வாங்கிய பைக் ஹெல்மெட் இருந்தது, அதையே காரில் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அண்ணன் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். கார் ஹெல்மெட்டின் உள்துணி தீயைத் தாங்க வேண்டும், இரும்புக் கம்பியில் திரும்பத் திரும்ப அடிபடுவதற்கான சோதனை அதற்கு உண்டு, கழுத்தைக் காக்கிற ஹான்ஸ் பட்டையை மாட்ட இரண்டு பக்கமும் கொக்கி இருக்கும். பைக் ஹெல்மெட்டுக்கு இந்தச் சோதனைகள் கிடையாது. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிற தொப்பி கேஜில் மாட்டினால் கழுத்துதான் திரும்பும். அவரிடம் ஹெல்மெட் விற்பனையே இல்லை, இதைச் சொன்னதில் அவருக்கு ஒரு ரூபாய் லாபமும் இல்லை.

சீட் மாட்டும்போது எக்ஸ்ரேவைக் கேட்டார். பக்கெட் சீட்டின் பக்கவாட்டுத் தடுப்பு சரியாக என் இடுப்பு ஸ்க்ரூ தலைமேல் அழுத்திக்கொண்டிருந்தது, அரை மணி நேரம் உட்கார்ந்தாலே சுருக்கென்று குத்தும். எக்ஸ்ரேவை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து, ஸ்க்ரூ எங்கே இருக்கிறது என்று என் பேன்ட் மேலேயே சாக்பீஸால் குறி போட்டார். சீட்டைக் கொஞ்சம் தேய்த்துவிடலாமே என்று கேட்டேன். தொடவே மாட்டேன் என்றார், சீட்டின் வெளிக்கூட்டில் கை வைத்தால் அதன் அங்கீகாரம் போய்விடும், போட்டிக்கு முன்னால் வண்டியைச் சோதிக்கிற ஸ்க்ரூட்டினியிலும் திருப்பி அனுப்புவார்கள். அதற்குப் பதிலாக, கழற்றி மாட்டுகிற ஃபோம் துண்டுகளைக் குறிக்கு மேலும் கீழும் வைத்து, ஸ்க்ரூ இருக்கிற இடம் மட்டும் எதிலும் படாமல் செய்தார்.

ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் வேலையே இல்லை, ஆனாலும் ஒன்று செய்தார். பைக்கில் எனக்கு ஒரே தடம்தான், கல்லுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று முடிவெடுத்தால் போதும். காரில் இடது சக்கரம் எங்கே போகிறது என்றே எனக்குத் தெரியவில்லை. பட்டறைக்குப் பின்னால் காலி இடத்தில் உடைந்த ஓட்டுச் சில்லுகளைப் போட்டு, இடது டயரால் ஏற்றி நொறுக்கு என்றார். பதினொரு தடவை தப்பியது. பன்னிரண்டாவது தடவை நொறுங்கிய சத்தம் கேட்டதும், அவர் வீட்டுப் பையன்கள் கை தட்டியதும் இன்னும் காதில் இருக்கிறது. விபத்துக்குப் பிறகு ஒரு வண்டியில் உட்கார்ந்து நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்கிற கோ-டிரைவர் என் மச்சான்தான். பைக்கில் வழிக்குறிப்புச் சுருளான ரோட்புக்கை நானே சுருட்டிப் பார்த்து நானே முடிவெடுப்பேன், இப்போது பக்கத்தில் ஒருத்தர் சொல்வதை நம்பித் திருப்ப வேண்டும். பைக்கை விட்டதில் எனக்கு மிகவும் கஷ்டமாக இருப்பது இதுதான், இதைப் பட்டறையில் சரி செய்ய முடியாது. அவனுக்குக் காலை ஊன்ற ஒரு தகடு மட்டும் போட்டுக் கொடுத்தார் அண்ணன், அது வந்த பிறகு குலுங்கலில் அவன் படிக்கிற குரல் நடுங்குவதில்லை.

முதல் ஓட்டம் ஏற்காட்டில், தெரிந்தவருடைய காபி எஸ்டேட் மண் ரோட்டில், அவர் அனுமதியோடு. அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசியும் ஜிப்ஸி டெம்போ மேல்தான் ஏறியது. கேஜ் போட்ட வண்டியை ஹெல்மெட் இல்லாமல் ரோட்டில் ஓட்டினால் சின்ன இடிக்கே தலை பைப்பில் மோதும், சட்டப்படியும் சிக்கல், அதனால் சொந்தமாக ஓட்டிக்கொண்டு போவேன் என்றால் வேலையே எடுக்க மாட்டேன் என்று அண்ணன் முதலிலேயே சொல்லியிருந்தார். சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவில் இரண்டாவது கியரில் அந்தச் செம்மண் வளைவில் பின்பக்கம் லேசாக வழுக்கியதும், நான் பைக் பழக்கத்தில் உடம்பை உள்பக்கம் சாய்த்தேன். பெல்ட் இழுத்துப் பிடித்தது. வண்டி தானாக நேரானது.

குறை என்றால் நேரம். மூன்று வாரம் என்று சொன்னது ஏழு வாரம் ஆனது, நடுவில் போன் செய்தால் பாதி நாள் எடுக்க மாட்டார். பில்லையும் வரிவரியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள், அவராகத் தர மாட்டார். எனக்குக் கேஜ், பெடல், சீட் மாட்டியது, பெயின்ட் எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்து நாற்பதாயிரம் ஆனது, சீட், பெல்ட் விலை தனி. சும்மா பார்வைக்காகக் கேஜ் வேண்டும் என்று போனால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்.

செவ்வாய்க்கிழமை லீவு. காலை பத்து மணிக்கு மேல் போங்கள், வண்டி நிறுத்த இடம் கம்மி. உடம்பில் கம்பி, பிளேட் எது இருந்தாலும் மறக்காமல் எக்ஸ்ரேவைக் கையோடு எடுத்துப் போங்கள், முதலில் அதைத்தான் கேட்பார்.