ரோபோவுக்கு லோக்கல் ஏபிஐ விற்க வருபவர்களிடம் உஷார்

"உங்கள் அப்ளிகேஷனிலேயே ஒரு பட்டன் வைத்துத் தருகிறோம், அழுத்தினால் போதும், மீதியை ரோபோ பார்த்துக்கொள்ளும்" என்று யாராவது வந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ரோபோ என்றால் இங்கே இயந்திர மனிதன் அல்ல, கணினித் திரையில் நமக்குப் பதிலாக கிளிக் செய்து, தட்டச்சு செய்யும் மென்பொருள். விற்றவர்களின் பெயரைப் போடவில்லை. பணத்தைத் திரும்பக் கேட்டு வக்கீல் மூலம் கடிதம் போயிருக்கிறது, அதற்குப் பதில் வரும்வரை பொறுமை.

எங்கள் தேவை பெரிதாக ஒன்றும் இல்லை. எங்கள் சொந்த அப்ளிகேஷனில் ஒப்புதல் கிடைத்த பில்களை, வெளியிலிருந்து தொடர்புகொள்ள வழியே இல்லாத ஒரு பழைய கணக்கு மென்பொருளில், மனிதர் செய்வது போலவே திரையைப் பார்த்து ரோபோ பதிய வேண்டும். ரோபோ அதே கணினியில்தான் இருக்கும். எங்கள் அப்ளிகேஷனுக்கும் ரோபோவுக்கும் நடுவே லோக்கல் ஏபிஐயாக, அதாவது அதே கணினிக்குள் ஒரு மென்பொருள் இன்னொன்றைக் கூப்பிடும் வழியாக, "நாங்களே உருவாக்கிய பிரிட்ஜ்" என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். டெமோவில் பட்டனை அழுத்தினால் பச்சை டிக் வந்தது, பில்லும் பதிவானது. கச்சிதம்.

நிஜ வேலைக்கு வந்த பிறகு பச்சை டிக் மட்டும் தவறாமல் வந்தது. பில் சில நேரம் பதிவாகும், சில நேரம் ஆகாது. தோண்டிப் பார்த்தால், கோரிக்கை கைக்கு வந்ததுமே அந்த பிரிட்ஜ் 200 ("சரி, வெற்றி" என்பதற்கான குறியீடு) என்று பதில் அனுப்பிவிடுகிறது. ரோபோ தொடங்கியதா, நடுவில் ஏதோ பாப்-அப் குறுக்கே வந்து நின்றுவிட்டதா, எதுவும் அதற்குத் தெரியாது. ஒழுங்காகச் செய்பவர்கள் 202 ("ஏற்றுக்கொண்டேன், வேலை இன்னும் முடியவில்லை") என்று பதில் தந்து, கூடவே ஒரு ஜாப் ஐடியும் தருவார்கள். அதை வைத்து வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளலாம். இங்கே ஐடியே கிடையாது. பில்லைக் காணோமே என்று கணக்குப் பிரிவில் மறுபடி அழுத்த, வரிசையில் காத்திருந்த பழைய கோரிக்கையும் சேர்ந்து ஓட, ஒரே பில் இரண்டு முறை பதிவாகி ஒரு சப்ளையருக்கு இரட்டைப் பணம் போய்விட்டது. நல்ல மனிதர், திருப்பிக் கொடுத்தார். விற்றவர்கள் சொன்ன விளக்கம்: "யூசர் ட்ரெயினிங் பிரச்சினை."

இரவிலும் ஓடும் என்றார்களே, அது இன்னொரு கூத்து. அவர்கள் போட்டுத் தந்தது அட்டெண்டட் ரோபோ. ஆள் லாகின் செய்து உட்கார்ந்திருக்கும்போது, அவருடைய செஷனுக்குள்ளேயே உதவி செய்யும் வகை. ஆளில்லாமல் ஓட வேண்டுமென்றால் அன்அட்டெண்டட் லைசென்ஸ் வேண்டும், ரோபோ தானாக லாகின் செய்ய ஒரு கணக்கும் வேண்டும். திரை பூட்டிக்கொண்டதும் எங்கள் ரோபோ கிளிக் செய்ய இடமில்லாமல் நின்றது. அதற்கு அவர்கள் தந்த தீர்வைக் கேளுங்கள்: ஸ்க்ரீன் லாக்கையே எடுத்துவிடச் சொன்னார்கள். கணக்குப் பிரிவுக் கணினியில்!

ஆனால் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது, கணினியில் எந்த மென்பொருள் எந்த முகவரியில் இணைப்புக்குக் காத்திருக்கிறது என்று காட்டும் நெட்ஸ்டாட் கட்டளையை ஓட்டிப் பார்த்தபோதுதான். லோக்கல் என்று பெயர் இருந்தால் 127.0.0.1-இல், அதாவது அதே கணினிக்குள்ளிருந்து வரும் கோரிக்கைகளை மட்டும் கேட்க வேண்டும். இது 0.0.0.0-இல், கணினியின் எல்லா நெட்வொர்க் முகவரிகளிலும், கேட்டுக்கொண்டிருந்தது. அதாவது அதே நெட்வொர்க்கில் இருக்கும் எந்த லேப்டாப்பிலிருந்தும் எங்கள் ரோபோவை பில் போட வைக்கலாம். கூப்பிடுவது யார் என்று சரிபார்க்க ஒரு டோக்கன்கூடக் கிடையாது. போதாக்குறைக்கு, எந்தெந்த வலைத்தளங்களை அனுமதிப்பது என்று பிரவுசருக்குச் சொல்லும் கார்ஸ் (CORS) அமைப்பில், எல்லா வலைத்தளங்களுக்கும் அனுமதி என்று பொருள்படும் நட்சத்திரக் குறி. அந்தக் கணினியின் பிரவுசரில் ஏதோ ஒரு பக்கம் திறந்திருந்தாலே, அது பின்னணியில் ரோபோவைக் கூப்பிட முடியும். 127.0.0.1-க்கு மாற்றினாலும் இந்த ஓட்டை அடைபடாது. இது கற்பனை பயமும் அல்ல. 2019-இல் மேக் கணினிகளில் ஜூம் வைத்திருந்த லோக்கல் சர்வர் இப்படித்தான் மாட்டியது. ஏதோ ஒரு வலைப்பக்கம், பயனரைக் கேட்காமலே அவரை வீடியோ அழைப்பில் சேர்த்துவிட முடிந்தது. கடைசியில் ஆப்பிளே தலையிட்டு அதை நீக்க வேண்டியிருந்தது. இத்தகைய ரோபோ மென்பொருள் தயாரிக்கும் யூஐபாத் நிறுவனம், வலைப்பக்கத்திலிருந்து ரோபோவைக் கூப்பிடத் தரும் ஜாவாஸ்கிரிப்ட் எஸ்டிகேயில் (டெவலப்பர்களுக்கான கருவித்தொகுப்பு), ஒரு வலைத்தளம் முதன்முதலில் ரோபோவோடு பேச வரும்போது பயனரின் சம்மதம் கேட்பது சும்மா இல்லை. எங்களுக்கு விற்றவர்களிடம் இதைச் சொன்னால், "ஃபயர்வால் உங்கள் பொறுப்பு சார்" என்றார்கள்.

அப்புறம்தான் அந்த "சொந்த பிரிட்ஜ்" என்னவென்று புரிந்தது. ரோபோ மென்பொருளோடு இலவசமாகவே வரும் கமாண்ட் லைனை (எழுத்துக் கட்டளையால் ரோபோவை ஓட்டும் வசதி) கூப்பிடும் ஒரு சின்ன உறை. அதற்குத் தனி லைசென்ஸ் கீ வேறு. பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மறுத்ததும் கீ காலாவதியாகி பட்டன் செத்துவிட்டது. சோர்ஸ் கோடு கேட்டோம், "அது எங்கள் அறிவுசார் சொத்து" என்றார்கள். இப்போது ரோபோ தயாரிப்பாளரே தரும் ஏபிஐயில் எங்கள் டெவலப்பர் நேரடியாக எழுதிக்கொண்டிருக்கிறார்.

டெமோவுக்கு வருபவர்களிடம் நல்லபடியாகப் பேசிக்கொண்டே, ரோபோ ஓடும்போது கணக்கு மென்பொருளை நீங்களே மூடிவிடுங்கள். அப்போதும் பச்சை டிக் வந்தால் டீலை அங்கேயே நிறுத்துங்கள். அதில் தேறினால் பட்டனை அழுத்திவிட்டுத் திரையைப் பூட்டுங்கள். அப்புறம் பக்கத்து லேப்டாப்பிலிருந்து, ரோபோ இருக்கும் கணினியின் நெட்வொர்க் முகவரியில் அதே பிரிட்ஜைக் கூப்பிட்டுப் பாருங்கள், பதில் வரக் கூடாது. ஒப்பந்தத்தில் சோர்ஸ் கோடு யாருக்கு, கீ எப்போது காலாவதி என்ற இரண்டு வரிகளையும் எழுதி வாங்கிய பிறகு முன்பணம் கொடுங்கள்.