ஈரல் டப்பாவோடு வந்த நாய் டிரெய்னரிடம் 20,000 ரூபாயை விட்ட கதை

திருச்சியில் நாய்க்குட்டி வளர்ப்பவர்கள், அதிலும் லாப்ரடார் வைத்திருப்பவர்கள், வீட்டுக்கு டிரெய்னரை வரச்சொல்லும் முன் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். ஆளின் பெயரைப் போடவில்லை. அவர் எப்படி ஏமாற்றினார் என்பது தெரிந்தால் போதும்.

எங்கள் பொரிக்கு அப்போது மூன்று மாதம். வெளிர் நிறம், அதனால் பொரி. வாசல் மணி அடித்தால் வருகிறவர் மேல் தாவி, வேட்டியோ துப்பட்டாவோ கிடைத்ததைக் கவ்விக்கொண்டு தொங்குவான். தீனி விஷயத்தில் கேட்கவே வேண்டாம். அடுக்களையில் பிஸ்கட் உறை கசங்கினால் மாடியிலிருந்து உருண்டு வருவான். ஒருநாள் அப்பாவின் காலைச் சுற்றிக் குதித்ததில் அவர் தடுமாறி விழப் பார்த்தார். எழுபத்தாறு வயது. அன்றைக்குத்தான் டிரெய்னர் தேட ஆரம்பித்தேன்.

நாய்த் தீனி வாங்கும் கடையில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. 3 மாதம், 24 வகுப்பு, வீட்டுக்கே வந்து பயிற்சி. போன் செய்தேன். போலீஸ் மோப்பநாய்ப் பிரிவில் இருந்ததாகச் சொன்னார். "நாளைக்கு டெமோ காட்டுறேன் சார். ராத்திரியிலிருந்து எதுவும் போடாதீங்க. வயிறு காலியா இருந்தாத்தான் பாடம் மண்டையில ஏறும்." ஒரு நாளைக்கு மூன்று வேளை தின்ன வேண்டிய குட்டி. இருந்தாலும் பட்டினி போட்டேன். அந்த இரவு அவன் கிண்ணத்தை மூக்கால் தள்ளிக்கொண்டே வீடு முழுக்கச் சுற்றியது இன்னும் காதில் இருக்கிறது.

மறுநாள் பதினொரு மணிக்குப் புல்லட்டில் வந்தார். சின்ன எவர்சில்வர் டப்பா, உள்ளே வேகவைத்த கோழி ஈரல். நகத்தளவு துண்டைப் பொரியின் மூக்குக்கு நேரே பிடித்து, மெதுவாக நெற்றிக்கு மேலே பின்பக்கமாக நகர்த்தினார். ஈரலோடு தலை மேலே போனது, பின்பக்கம் தானாகத் தரையில் பட்டது. 'சிட்' என்றார். துண்டு வாய்க்குள் போனது. பத்து நிமிடத்தில் இருபது முறை உட்கார்ந்துவிட்டான். அம்மா கன்னத்தில் கைவைத்துக்கொண்டு நின்றார். கட்டணம் 24,000, மொத்தமாகக் கொடுத்தால் 20,000. ஜிபேயில் அனுப்பினேன். ரசீது கேட்கவில்லை.

அவர் போனதும் வெறுங்கையோடு 'சிட்' என்றேன். பொரி என் கையை மோந்தான், சட்டைப்பையை மோந்தான், போய்விட்டான். அந்தச் சொல் அவனுக்குத் தெரியவே இல்லை. ஈரல் போன பக்கம் தலை போயிருக்கிறது, அவ்வளவுதான். தீனிக்கு அலையும் குட்டியை இப்படி உட்கார வைக்க உங்களுக்கும் ஐந்து நிமிடம் போதும். நான் பார்த்து மயங்கியது குட்டியின் பசியை, அந்த ஆளின் திறமையை அல்ல.

அதன் பிறகு 45 நிமிட வகுப்பு 15 நிமிடமானது. வாரம் இரண்டு என்றது ஒன்றானது. ஒருநாள் அவருக்குப் பதிலாகக் காதில் ஹெட்போனோடு ஒரு பையன் வந்தான். 'டிரெயினிங் பிஸ்கட்' என்று 900 ரூபாய்க்கு ஒரு பாக்கெட் தள்ளிவிட்டார். அதில் என்ன கலந்திருக்கிறது, எப்போது செய்தது, ஒன்றும் அச்சாகவில்லை. மூன்றாம் வாரம் சோக் செயின் வந்தது, இழுத்தால் கழுத்தை இறுக்கும் சங்கிலி. தாவினால் வெடுக்கென்று ஒரு இழு. பொரி இருமுவான். "பழகிடும் சார்" என்பார். கவ்வுவது அதிகமானதும், அது 'அக்ரஷன்', தனி கோர்ஸ், இன்னும் 8,000 என்றார்.

அந்த வாரம்தான் கால்மிதியில் அரிசி மாதிரி ஒரு பல் கிடந்தது. கால்நடை மருத்துவர் சிரித்துவிட்டார். நாலு மாதத்தில் பால்பல் விழும், ஈறு நமநமக்கும், அதனால் கிடைத்ததையெல்லாம் கடிக்கும். ஈரத்துணியை முறுக்கி ஃப்ரீசரில் வைத்துக் கொடுங்கள் என்றார். கழுத்தைத் தடவிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. சோக் செயினை அன்றோடு கழற்றச் சொன்னார். தீனி வெறியைப் பற்றியும் அவர்தான் சொன்னார்: நிறைய லாப்ரடார்களுக்கு பிஓஎம்சி என்ற மரபணுவில் ஒரு துண்டு விடுபட்டிருக்கிறது, ஏறக்குறைய நாலில் ஒன்றுக்கு, அதனால்தான் தீனிக்கு இப்படி அலைகின்றன, கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016இல் கண்டுபிடித்தது. அப்படிப்பட்ட ஜாதிக் குட்டியைப் பட்டினி போட்டுத்தான் இந்த ஆள் டெமோ காட்டியிருக்கிறார்.

அதற்குள் பொரி புல்லட் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் போய் மூத்திரம் விட ஆரம்பித்திருந்தான். பக்கத்து வீட்டுக்காரர் புல்லட்டுக்கும்தான். எனக்கு மனசு விட்டுப்போனது அதில்தான். மீதிப் பணத்தைக் கேட்டேன். "நாய்க்கு மூளை மந்தம் சார், இது கலப்பு" என்று ஒரு வாய்ஸ் நோட். பிறகு பிளாக். நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுத்திருக்கிறேன். ஜிபே ஸ்கிரீன்ஷாட்டும் அந்த வாய்ஸ் நோட்டும்தான் கையில் இருக்கும் சாட்சி.

இப்போது நாங்களே சொல்லிக்கொடுக்கிறோம். தனி பிஸ்கட் கிடையாது; அவன் வேளைச் சாப்பாட்டிலிருந்தே ஒரு கைப்பிடி எடுத்து, பொட்டுக்கடலை அளவாக, ஒரு தடவைக்கு மூன்று நிமிடம். தாவினால் திரும்பி நின்றுவிடுவோம். நாலு காலும் தரையில் இருந்தால் உடனே ஒரு துண்டு. மூன்றாவது வாரத்தில் வெறுங்கைக்கும் உட்கார்ந்தான். அம்மா மட்டும் அவன் தாவும்போதே தோசை விள்ளலைப் போட்டுவிடுகிறார். "பாவம்டா, பசிக்குது அவனுக்கு" என்கிறார். அவரைப் பழக்குவதுதான் பெரும்பாடு.

போன வாரம் அதே கடையில் அதே நோட்டீஸைப் பார்த்தேன். நம்பர் மாறியிருக்கிறது. கட்டணம் 26,000.